மதர்போர்டை மாற்றினால் உபுண்டுவை மீண்டும் நிறுவ வேண்டுமா?

டிக்கோயாக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஹட்டன் நகரில் தட்டச்சு, நிழற்பிரதி, ஸ்கேன் ஆகிய வேலைகளைச் செய்யும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். கடையின் பிரதான கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 இயங்குகிறது. மற்ற இரு கணினிகளும் அதிலுள்ள கோப்புகளைச் சம்பா என்னும் கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகத் திறக்கின்றன; அச்சு இயந்திரங்களும் அதனுடன்தான் இணைக்கப்பட்டுள்ளன. தோட்டங்களிலிருந்து வருவோருக்கு நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்கள், மரண உதவிச் சங்கங்கள் சிலவற்றின் கணக்கேடுகள், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

சில காலமாக அந்தக் கணினி காலை வேளைகளில் இயங்க மறுக்கிறது. பொத்தானை அழுத்தினால் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. பல முறை அழுத்திய பின்னரே எழும்புகிறது. வெயில் ஏறிய பிறகு எந்தக் குறையும் தெரிவதில்லை. திறந்து பார்த்தபோது, ப்ராசசருக்கு அருகிலுள்ள கபாசிட்டர்களில் (மின்தேக்கிகளில்) இரண்டு தலைப்பகுதி உப்பியிருந்தன. ஒன்றின் மேல் பழுப்பு நிறப் பொருக்குப் படிந்திருந்தது.

இப்போதுள்ளது எச்61 மதர்போர்ட், மூன்றாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி டிடிஆர்3 நினைவகம். உபுண்டு 240 ஜிபி எஸ்எஸ்டியிலும், வாடிக்கையாளர் கோப்புகள் 1 டிபி வன்தட்டிலும் உள்ளன. நகரத்தில் பழுதுபார்ப்பவர் பாவித்த எச்61 போர்ட் ஒன்று தரலாம் என்கிறார். அல்லது எச்510 போர்ட், பத்தாம் தலைமுறை ஐ3, டிடிஆர்4 நினைவகம் என்று புதிதாகவே வாங்கலாம். எதை வாங்கினாலும் இயங்குதளத்தைப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று அவர் உறுதியாகக் கூறுகிறார்.

எனது தயக்கம் அதில்தான். இவற்றை எல்லாம் அமைத்துத் தந்த அக்காவின் மகன் இப்போது கட்டாரில் இருக்கிறார். பகிர்வுகள், அச்சு இயந்திர டிரைவர்கள், தமிழ் விசைப்பலகை, இரவில் தானாக நடக்கும் காப்புப் பிரதி ஆகியவற்றை எங்கே எப்படி அமைத்தார் என்பது எனக்கு முழுமையாகத் தெரியாது. அனைத்தையும் கைத்தொலைபேசி டேட்டாவில் மீண்டும் இறக்குவதும் கட்டுப்படியாகாது. இருக்கும் எஸ்எஸ்டியை அப்படியே புதிய போர்டில் மாட்டினால் இயங்குமா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டும்.

கண்டி லினக்ஸ் பயனர்:

வணக்கம். மீண்டும் நிறுவத் தேவையில்லை. பழுதுபார்ப்பவர் கூறியது விண்டோஸ் அனுபவத்தில் வந்த அறிவுரையாக இருக்க வேண்டும். அங்கே உரிமம் மதர்போர்டுடன் பிணைக்கப்படுவதாலும், பழைய பதிப்புகள் வேறு சிப்செட்டைக் கண்டதும் நீலத் திரையில் நின்றுவிட்டதாலும் அந்த வழக்கம் ஊறிப்போய்விட்டது.

லினக்ஸ் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தன் முன் என்ன வன்பொருள் இருக்கிறதென்று புதிதாகவே தேடுகிறது. ஒவ்வொரு சாதனமும் தன்னுடைய தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் தெரிவிக்கிறது. அவற்றுக்குப் பொருந்தும் டிரைவர் மொடியூலை யூடெவ் என்னும் பகுதி தேடி ஏற்றுகிறது. அந்த மொடியூல்களில் அனேகமானவை கேர்னல் எனப்படும் இயங்குதள மையக்கருவோடு சேர்ந்து ஏற்கெனவே உங்கள் எஸ்எஸ்டியில் உள்ளன. இயங்குதளம் உள்ள ரூட் பகுதியைத் திறப்பதற்கு முன்னர் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு படிமத்திலும், உபுண்டுவின் வழமையான அமைப்பின்படி, பெரும்பாலான வட்டுக் கட்டுப்படுத்திகளுக்குரிய மொடியூல்கள் அடங்கியிருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் 'மொடியூல்ஸ்' என்ற வரி 'மோஸ்ட்' என்றிருந்தால் கவலை வேண்டாம். யாரேனும் அதை 'டெப்' என்று மாற்றியிருந்தால் மட்டும் பழையபடி திருத்தி, படிமத்தை ஒரு முறை மீண்டும் உருவாக்கிக் கொள்ளுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு. மதர்போர்டுக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்டவை அந்தப் போர்டோடு போய்விடும்: பழைய பயோஸின் இடத்தில் வந்த யூஈஎஃப்ஐயின் துவக்கப் பட்டியல், வலையமைப்பு அட்டையின் மேக் முகவரி, கடிகாரம் போன்றவை. இன்னொரு புறம், எஸ்எஸ்டியில் உள்ள ஏதாவதொரு அமைப்புக் கோப்பு பழைய போர்டின் உள்ளமைப்பைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருந்தால், அது புதிய போர்டில் பொருந்தாது. வலையமைப்பு அட்டையின் பெயர் இதற்கு நல்ல உதாரணம். 2013 ஆம் ஆண்டு, துவக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197 ஆம் பதிப்புடன் வந்த முறைப்படி, 'இஎன்பி3எஸ்0' போன்ற பெயர் அந்த அட்டை பிசிஐ பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே சூட்டப்படுகிறது. போர்ட் மாறினால் இடமும் மாறும், பெயரும் மாறும்.

பாவித்த எச்61 போர்டை வாங்கினால் ஏறக்குறைய எதுவுமே செய்ய வேண்டியிராது. பயோஸில் வட்டு இணைப்புக்கான சாட்டா முறை ஏஎச்சிஐ என்றிருப்பதையும், எஸ்எஸ்டி முதலாவதாகத் துவங்குவதையும் பார்த்தால் போதும். எச்510 வாங்கினால் துவக்க முறைதான் சிக்கல். இன்டெல் 500 தொடர் சிப்செட் போர்டுகளில், ப்ராசசருக்குள் உள்ள கிராபிக்ஸை மட்டும் பயன்படுத்தும்போது பழைய பயோஸ் முறையில் துவக்க இயலாது; யூஈஎஃப்ஐ முறை மட்டுமே உண்டு. உங்கள் எச்61 கணினியில் உபுண்டு பழைய முறையில் நிறுவப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். '/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' என்ற அடைவு இருக்கிறதா? 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை எஸ்எஸ்டியில் எத்தனை பகுதிகளைக் காட்டுகிறது? எந்த வட்டு எங்கே ஏற்றப்படும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் வட்டுகள் யூயூஐடி என்னும் தனி அடையாள எண்ணால் குறிக்கப்பட்டுள்ளனவா, அல்லது 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்ற பெயர்களால் குறிக்கப்பட்டுள்ளனவா?

பதுளைத் தம்பி:

கண்டி அண்ணன் கூறியதுடன் உடன்படுகிறேன். ஆனால் பாவித்த எச்61 போர்ட் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அதுவும் உங்கள் போர்டின் வயதையொத்ததாகவே இருக்கும். அதன் கபாசிட்டர்களும் அதே அளவு உழைத்தவைதான். மின்பகுப்புக் கபாசிட்டர் பழுதடையும்போது அதன் உள்தடை கூடுகிறது, குளிரில் இன்னும் கூடுகிறது. 1,200 மீட்டருக்கு மேலுள்ள ஹட்டனில் விடியற்காலைக் குளிரில் எழும்ப மறுத்து, சூடேறிய பின் ஒழுங்காக ஓடுவது அதன் அடையாளமே.

ஆனால் இதே அறிகுறியைப் பவர் சப்ளையும் காட்டும். போர்டை மாற்றுவதற்கு முன் வேறொரு பவர் சப்ளையை இரவல் வாங்கி, காலையில் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். போர்டில் உப்பிய கபாசிட்டர்கள் கண்ணுக்குத் தெரிவதால் போர்ட் பழுது என்பது உறுதிதான். இருந்தாலும் அத்தனை காலம் அதற்கு மின்சாரம் கொடுத்த பழைய பவர் சப்ளையைப் புதிய போர்டிலும் மாட்டுவது நல்லதல்ல. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி எங்கள் பக்கத்தில் எத்தனை போர்டுகளைக் கொண்டுபோகிறது என்று கேட்டால் எந்தப் பழுதுபார்ப்பவரும் கதை கதையாகச் சொல்வார். மின்கம்பி வழியாக மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பி வழியாகவும் அது ரவுட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து வலையமைப்பு அட்டைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. எழும்பாமல் எழும்பாமல் ஓடும் கணினியில் கோப்பு முறைமை எந்த நேரமும் சிதையலாம். வேறெதையும் தொடுவதற்கு முன்னர் வட்டுப் பிரதி எடுக்கும் குளோன்சில்லாவைப் பென் டிரைவிலிருந்து துவக்கி, எஸ்எஸ்டியின் முழுப் பிரதியை வேறொரு வட்டில் எடுத்து வையுங்கள். போர்டை மாற்றும் நாளில் கணினியை முறையாக நிறுத்துங்கள். ஹைபர்னேட் (இயங்கும் நிலையை வட்டில் சேமித்து அணைத்தல்) செய்துவிட்டு மாற்றக் கூடாது. பழைய வன்பொருளின் நிலையைப் புதிய வன்பொருளின் மேல் மீட்டெடுக்கக் கேர்னல் முயன்றால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

டிக்கோயாக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. நண்பர் ஒருவரின் பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தேன். காலைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ஆகவே எச்510 போர்டையும் புதிய பவர் சப்ளையையும் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். குளோன்சில்லா பிரதியும் எடுத்தாயிற்று.

கேட்ட விபரங்கள்: 'இஎஃப்ஐ' என்ற அடைவு இல்லை. எஸ்எஸ்டியில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது 1 எம்பி, இரண்டாவது 513 எம்பி, மீதி முழுவதும் மூன்றாவது. இரண்டாவது பகுதி '/பூட்/இஎஃப்ஐ' என்ற இடத்தில் ஏற்றப்பட்டுள்ளதாகக் காட்டுகிறது. அடைவே இல்லாதபோது இது எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எஃப்எஸ்டாப் கோப்பில் எஸ்எஸ்டியின் வரிகளில் நீண்ட யூயூஐடி எண்கள் உள்ளன; 1 டிபி வன்தட்டின் வரியில் மட்டும் 'எஸ்டிபி1' என்று இருக்கிறது.

கண்டி லினக்ஸ் பயனர்:

உங்கள் மருமகன் வட்டு முழுவதையும் நிறுவியிடமே விட்டுக் கொடுத்திருக்கிறார். அது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. உபுண்டு 22.04 நிறுவி, கணினி பழைய முறையில் துவங்கியிருந்தாலும், எதிர்காலத் தேவை கருதி யூஈஎஃப்ஐக்குரிய சிறு பகுதியையும் சேர்த்தே உருவாக்குகிறது. அந்த 513 எம்பி அதுதான். 1 எம்பி பகுதி, பழைய முறையில் துவங்க க்ரப் என்னும் துவக்க நிரல் பயன்படுத்துவது. ஆகவே வட்டின் பகுதிகளில் நீங்கள் கைவைக்கவே வேண்டியதில்லை. அந்தப் பகுதி இல்லாதவர்கள் லைவ் பென் டிரைவிலிருந்து ரூட் பகுதியைச் சுருக்கி, ஃபேட்32 பகுதியொன்றை உருவாக்க வேண்டியிருக்கும்; வட்டின் பகுதி அட்டவணை பழைய எம்பிஆர் வகையாக இருந்தால் ஜிபிடி வகைக்கு மாற்ற வேண்டியும் வரலாம். அது தனிக் கதை.

பழைய போர்ட் இன்னும் உயிரோடு இருப்பதால், மாற்றுவதற்கு முன்னரே ஆயத்தம் செய்துவிடலாம். 'க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-பின்' என்ற மென்பொருள் பொதியை நிறுவுங்கள். பெயரின் இறுதியிலுள்ள 'பின்' முக்கியம். அது இல்லாத பொதியை நிறுவினால் இப்போதைய 'க்ரப்-பிசி' பொதி அகற்றப்படும். 'பின்' பொதியோ அதனுடன் ஒத்துப்போகும். அதன் பிறகு 'க்ரப்-இன்ஸ்டால்' கட்டளையில் இலக்கை 'எக்ஸ்86_64-இஎஃப்ஐ' என்றும் இஎஃப்ஐ அடைவை '/பூட்/இஎஃப்ஐ' என்றும் கொடுத்து, 'ரிமூவபிள்' என்ற தெரிவையும் சேர்த்து இயக்குங்கள்.

இந்தக் கடைசித் தெரிவுதான் முழு வேலையின் சூட்சுமம். வழமையாக க்ரப் தன்னுடைய பெயரை மதர்போர்டின் நிலை நினைவகத்தில் ஒரு துவக்கப் பதிவாக எழுதிவிடும். புதிய போர்டில் அந்தப் பதிவு இராது. அதனால்தான் ஏற்கெனவே யூஈஎஃப்ஐ முறையில் இருக்கும் கணினிகள்கூட போர்ட் மாற்றிய பின் 'துவக்க வட்டு இல்லை' என்று நிற்பதுண்டு. எந்தப் பதிவும் இல்லாத போர்ட், வட்டின் இஎஃப்ஐ பகுதியில் 'இஎஃப்ஐ' அடைவுக்குள் 'பூட்' என்ற அடைவில் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற கோப்பைத் தேடும். பென் டிரைவ்கள் எந்தக் கணினியிலும் துவங்குவது இந்த ஏற்பாட்டினால்தான். 'ரிமூவபிள்' தெரிவு க்ரப்பை அந்த இடத்திலேயே வைக்கிறது. இதன் பின் உங்கள் எஸ்எஸ்டி பழைய போர்டில் பழைய முறையிலும் புதிய போர்டில் யூஈஎஃப்ஐ முறையிலும் துவங்கக்கூடியதாக இருக்கும்.

முதல் முறை துவக்கும்போது, கையொப்பமிட்ட துவக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைப் புதிய போர்டில் நிறுத்தி வையுங்கள். கணினி எழும்பிய பின் 'க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64' பொதியையும், அதன் கையொப்பமிட்ட பொதியையும், 'ஷிம்-சைன்ட்' பொதியையும் நிறுவி, 'ரிமூவபிள்' இல்லாமல் 'க்ரப்-இன்ஸ்டால்' கட்டளையை ஒரு முறையும் 'அப்டேட்-க்ரப்' கட்டளையை ஒரு முறையும் இயக்குங்கள். அப்போதுதான் பின்வரும் மேம்படுத்தல்கள் சரியான க்ரப்பைப் புதுப்பிக்கும்; போர்டிலும் 'உபுண்டு' என்ற பதிவு உருவாகும். வேண்டுமானால் செக்யூர் பூட்டையும் பின்னர் இயக்கிக்கொள்ளலாம்.

அந்த 'எஸ்டிபி1' வரியை இன்றைக்கே திருத்திவிடுங்கள். புதிய போர்டில் எந்த வட்டு முதலில் கண்டறியப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வன்தட்டு 'எஸ்டிஏ' ஆகிவிட்டால், அந்த வரி சுட்டும் பகுதி வேறாகவோ இல்லாமலோ போகலாம். அப்படியொரு பகுதி இல்லாவிட்டால் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். பார்ப்பவர் உபுண்டுவே போய்விட்டது என்று நினைத்து மீண்டும் நிறுவத் தொடங்கிவிடுவார். 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் யூயூஐடி எண்ணை அங்கே எழுதி, தெரிவுகளில் 'நோஃபெயில்' என்பதையும் சேர்த்துவிட்டால், அந்த வட்டு மாட்டப்படாமலே இருந்தாலும் கணினி எழும்பும்.

அச்சு இயந்திரங்களைப் பற்றி அஞ்ச வேண்டாம். யூஎஸ்பி அச்சு இயந்திரத்தை, அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ் பொதுவாகத் தயாரிப்பாளர், மாதிரி, தொடர் எண் ஆகியவற்றைக் கொண்டே அடையாளம் காண்கிறது. எந்தத் துளையில் செருகினாலும் அதே வரிசையில்தான் சேரும். பாமினி எழுத்துருவும் விசைப்பலகை அமைப்பும் வெறும் கோப்புகள். அவற்றுக்கும் மதர்போர்டுக்கும் தொடர்பே இல்லை.

பண்டாரவளை ஆசிரியை:

ஹட்டன் சகோதரருக்கு வேண்டிய விபரங்கள் கிடைத்துவிட்டன. இந்த இழையை வாசிக்கும் மற்றவர்கள் எல்லா லினக்ஸ் விநியோகங்களும் உபுண்டுவைப் போன்றவை என்று கருதிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஃபெடோரா பயன்படுத்துகிறோம். ஃபெடோராவில் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தை உருவாக்கும் டிராகட், இயல்பாகவே அந்தந்தக் கணினிக்குத் தேவையான மொடியூல்களை மட்டும் சேர்க்கிறது. சாட்டா வட்டிலிருந்து வேறு கட்டுப்படுத்திக்கோ, இன்டெல் போர்டிலிருந்து ஏஎம்டி போர்டுக்கோ மாறும்போது அந்தப் படிமம் ரூட் பகுதியைக் காண முடியாமல் நிற்கக்கூடும். அப்படி நின்றால் துவக்கப் பட்டியலின் கீழே 'ரெஸ்க்யூ' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் படிமம் எல்லா மொடியூல்களையும் கொண்டது. அதில் துவக்கி, டிராகட்டைக் கொண்டு படிமங்களை மீண்டும் உருவாக்கினால் போதும். ஆர்ச் பயன்படுத்துவோரும் எம்கேஇனிட்சிபிஐஓ அமைப்பிலுள்ள 'ஆட்டோடிடெக்ட்' என்ற சொல்லை மாற்றத்துக்கு முன்னர் நீக்கி, படிமத்தைப் புதுப்பித்துக்கொள்வது நன்று.

வட்டைக் குறியாக்கம் செய்தவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறையான லக்ஸின் தலைப்பு வட்டிலேயே இருப்பதால், கடவுச்சொல்லைத் தட்டித் திறப்பவர்களுக்குப் போர்ட் மாறினாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் போன்றவற்றின் மூலம் கணினியின் டிபிஎம் பாதுகாப்புச் சில்லிலேயே திறவுகோலைப் பூட்டி வைத்தவர்கள், பழைய போர்ட் போன பின் அந்த வழியால் ஒருபோதும் திறக்க முடியாது. மாற்றுவதற்கு முன் கடவுச்சொல் அல்லது மீட்புத் திறவுகோல் ஒன்று இன்னும் வேலை செய்கிறதா என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டே திருகாணியில் கைவைக்க வேண்டும்.

பல வட்டுகளை ஒன்றுபோல் இயங்கும் ரெய்டாக இணைத்தவர்களுக்கும் இதே போன்ற வேறுபாடு உண்டு. எம்டிஅட்ம் கொண்டு லினக்ஸே அமைத்த ரெய்ட், எந்தப் போர்டிலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். மதர்போர்டின் பயோஸுக்குள் அமைத்த ரெய்ட் அப்படியல்ல. வேறு தயாரிப்புப் போர்ட் அதைப் புரிந்துகொள்ளும் என்று நம்பி இறங்குவது ஆபத்து.

கடைசியாக, புதிய போர்டின் கடிகாரம். பெட்டியிலிருந்து எடுத்த போர்டில் திகதி பல ஆண்டுகள் பின்னால் இருக்கக்கூடும். அந்த நிலையில் இணையத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி மறுக்கும். பொதிகளை நிறுவும் 'ஏபிடி'யோ, களஞ்சியக் கோப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று கூறும். இணையமே பழுது என்று பலர் இதில் நேரத்தை இழக்கிறார்கள். பயோஸ் திரையிலேயே திகதியைச் சரிசெய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

டிக்கோயாக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். போர்டை மாற்றியாயிற்று. முதல் முறையிலேயே உபுண்டுவின் நுழைவுத் திரை வந்தது. பழுதுபார்ப்பவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அந்த க்ரப் கட்டளைகளைத் தனக்கும் எழுதித் தருமாறு கேட்டார். அச்சு இயந்திரங்கள் இரண்டும் எதுவும் கேட்காமல் வேலை செய்கின்றன. ஆசிரியை கூறியவாறு திகதியை முன்னரே சரிசெய்துவிட்டேன்.

வலையமைப்பு முதலில் வரவில்லை. வலையமைப்பு அமைப்புகளைக் கொண்ட நெட்பிளான் கோப்பில் 'இஎன்பி3எஸ்0' என்ற பெயருக்கு நிலையான முகவரி எழுதப்பட்டிருந்தது. 'ஐபி லிங்க்' கட்டளையோ 'இஎன்பி2எஸ்0' என்று காட்டியது. பெயரை மாற்றி 'நெட்பிளான் அப்ளை' கொடுத்ததும் இணையம் வந்துவிட்டது. முகவரியும் பழையதே.

ஆனால் மற்ற இரு கணினிகளிலும் பகிர்வு அடைவுகள் திறக்கவில்லை. அங்கிருந்து பிங் செய்தால் பதில் வருகிறது. இந்தக் கணினியில் சம்பா இயங்கிக்கொண்டிருப்பதாகவே நிலை காட்டுகிறது. வேறெங்கே பார்க்க வேண்டும்?

கண்டி லினக்ஸ் பயனர்:

பிங் வருவதால் முகவரியில் குறையில்லை. சம்பாவின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'இன்டர்ஃபேசஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் பழைய அட்டையின் பெயர் இருந்து, அடுத்துள்ள 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' என்பது 'யெஸ்' என்றும் இருந்தால், இல்லாத ஓர் அட்டையிலேயே சம்பா காது கொடுத்துக் காத்திருக்கும். புதிய அட்டை வழியாக வருவோருக்குப் பதில் சொல்லாது. பெயரை மாற்றிச் சம்பாவை மறுதொடக்கம் செய்யுங்கள். உங்கள் மருமகன் கவனமாக வேலை செய்தவர் என்று தெரிவதால், யூஎஃப்டபிள்யூ தீச்சுவரையும் பாருங்கள். 'இஎன்பி3எஸ்0 வழியாக வருவதை அனுமதி' என்ற வகையில் விதி எழுதியிருந்தால் அதையும் திருத்த வேண்டும். பழைய பெயரை '/ஈடிசி' அடைவு முழுவதிலும் 'க்ரெப்' கொண்டு ஒரு முறை தேடிவிட்டால், மிச்சம் ஏதும் ஒளிந்திருந்தாலும் அகப்பட்டுவிடும்.

டிக்கோயாக்காரன்:

சம்பாவிலும் இருந்தது, தீச்சுவரிலும் இருந்தது. இரண்டையும் திருத்தியதும் பகிர்வுகள் திறந்துகொண்டன. 'க்ரெப்' தேடலில் மூன்றாவதாக ஒன்றும் அகப்பட்டது. இரவுக் காப்புப் பிரதி எடுக்கும் நிரல், வலையமைப்பு இருக்கிறதா என்று அதே பழைய பெயரைக் கொண்டுதான் சரிபார்த்து வந்திருக்கிறது. பகிர்வு திறந்ததோடு நிறுத்தியிருந்தால், பிரதி எடுக்கப்படாமலே நாட்கள் போயிருக்கும். அதையும் மாற்றி, கையால் ஒரு முறை இயக்கிப் பிரதி வந்திருப்பதைச் சரிபார்த்துக்கொண்டேன். க்ரப் பொதிகளையும் நீங்கள் கூறியபடி நிறுவிவிட்டேன். 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளை இப்போது 'உபுண்டு' என்ற பதிவைக் காட்டுகிறது.